எர்த்து இல்லாத வீடு

அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றால், இடிச் சத்தத்தை ஊரில் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிடுவார் என்று சொல்லலாம். மேற்கே திருவாரூர்ப் பக்கம் எங்கோ வானம் லேசாக உறுமினால் போதும். கீழ்வேளூரை ஒட்டியிருந்த எங்கள் ஊரில் அவர் வீட்டு மெயின் சுவிட்ச் கீழே இறங்கிவிடும். அப்புறம் அறை அறையாகப் போய் பிளக்குகளைப் பிடுங்குவார். பிடுங்கிய ஒவ்வொரு ஒயரிலும் ஒரு முடிச்சுப் போடுவார். முடிச்சுப் போட்டால் மின்னல் அதைத் தாண்டிப் போகாதாம். நான் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் ஒயர்மேன் வேலை படித்தவன். எங்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

‘அவர்’ என்று எழுதுவது மரியாதையால் அல்ல, பழக்கதோஷம். எங்கள் தெருவில் அவரை ‘பெரிய வீட்டு ஐயா’ என்போம். அவர் கொல்லை முடிகிற இடத்தில் எங்கள் தெரு ஆரம்பிக்கும். நடுவில் ஒரு முள்வேலி. என் தாத்தாவும் அப்பாவும் அந்த வீட்டுப் பண்ணையில் உழைத்தவர்கள். நான் கீழ்வேளூரில் சின்னதாக எலெக்ட்ரிக்கல் கடை வைத்த பிறகும் என் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, மாவரைத்துக் கொண்டிருந்தாள். போகாதே என்று சொன்னால், “சும்மா குந்தியிருந்தா கை கால் வெளங்குமா” என்பாள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவரை ஏசும்போது இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வீடு பழைய வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், மேலே ஓடு. ஊருக்குக் கரண்டு வந்தபோது முதலில் வந்தது அந்த வீட்டுக்குத்தான். சுவரில் மரப்பட்டை அடித்து அதற்குள் ஒயர் ஓட்டியிருந்தார்கள். விரலால் தொட்டாலே ஒயரின் தோல் உதிரும். அந்த வீட்டுக்குள்தான் சிங்கப்பூரில் இருந்த மகன் அனுப்பிய பெரிய டிவியும், ஃப்ரிட்ஜும், கிரைண்டரும் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினார். கூடத்தில் டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் டிவியைப் பார்ப்பதைவிட அதன் கீழே இருந்த ஸ்டெபிலைசரின் முள்ளைத்தான் அதிகம் பார்ப்பார். ஊரில் பம்புசெட்டுகள் ஓடும்போது முள் நூற்றெழுபதுக்கு இறங்கும். மும்முனைக் கரண்டு நின்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓய்ந்ததும் இருநூற்று எழுபதுக்கு எகிறும். “ஏறுது, ஏறுது” என்பார். அடுப்படியிலிருந்து யாராவது ஓடிவந்து ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். அவர் எழுந்திருக்க மாட்டார், முள்ளைப் பார்க்க ஆள் வேண்டுமே.

‘பத்திரம்’ என்பது அவர் வாயில் நாள் முழுக்கப் புரளும் சொல். டிவி பத்திரம், ஃப்ரிட்ஜ் பத்திரம். பீரோவுக்குள்ளும் பத்திரம்தான், கட்டுக் கட்டாக. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவருடைய அப்பா நிலத்தைச் செத்துப்போன சித்தப்பா பேரிலும், எங்கேயோ இருந்த மைத்துனர் பேரிலும் பிரித்து எழுதிவைத்த காகிதங்கள் அவை. மனுஷருக்கு அந்தச் சொல்லை அவர் செலவழித்து நான் கேட்டதில்லை.

சாமான்கள் எல்லாம் மூன்று கால் பிளக்கோடு வந்தன. அந்த வீட்டு பிளக் பாயிண்டுகளிலோ இரண்டே துளைகள். அவர் என்ன செய்தார் என்றால், கட்டிங் பிளேயரை எடுத்து எல்லா பிளக்கிலும் மூன்றாவது காலை முறித்துப் போட்டுவிட்டார். கரண்டு இரண்டு கம்பியில்தானே வருகிறது, மூன்றாவது எதற்கு, எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாற்று என்று விளக்கம் வேறு. அந்த மூன்றாவது கால்தான் எர்த்து. சாமானின் இரும்பு உடம்பில் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற வழி அது. அந்த வழி இல்லையென்றால், கசிந்த கரண்டு அங்கேயே காத்திருக்கும், யாராவது வெறுங்காலோடு வந்து தொடுகிறவரைக்கும்.

என்னோடு பேசுவதில் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் அப்பாவைக் கடைசிவரை ‘டா’ போட்டவர். என்னையும் பள்ளிக்கூட நாட்களில் அப்படித்தான் கூப்பிட்டார். கடை வைத்து, பைக்கில் வந்து இறங்குகிறவனை ‘டா’ போடக் காலம் இடம் கொடுக்கவில்லை. ‘வாங்க’ என்று சொல்ல நாக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஆளே இல்லாத வாக்கியமாகப் பேசுவார். “வந்தாச்சா?” “பாத்தாச்சா?” “கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?” வந்தது யார், பார்த்தது யார் என்று அந்தப் பேச்சில் கண்டுபிடிக்கவே முடியாது. மொட்டைக் கடுதாசி மாதிரி ஒரு தமிழ். நானும் அதே தமிழில் “ஆச்சு” என்பேன். தன்மை, முன்னிலை இரண்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் வேலை நடக்கும். எனக்கு அதில் கொஞ்சம் குரூரமான சந்தோஷமும் உண்டு.

அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்த காலம் அது. எங்கள் தெருவில் நாற்பது வீட்டிலும் டிவி வந்தது. அவருக்கு வயிறு எரிந்துவிட்டது. நாட்டைக் குட்டிச்சுவர் ஆக்குகிறார்கள், அன்னக்காவடிக்கெல்லாம் கலர் எதற்கு என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, தன் ரேஷன் கார்டைக் கொடுத்து ஆள் அனுப்பித் தனக்குரியதையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை, பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு முள் இறங்கினால் எங்கள் தெருவின் டிவிகள்தான் காரணம், முள் ஏறினாலும் எங்கள் தெருதான் காரணம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் வீடுகளில் ஸ்டெபிலைசர் என்று ஒன்று கிடையாது. டிவிகள் பாட்டுக்கு ஓடின.

கிரைண்டர் ஷாக் அடிக்கிறது என்று அம்மா முதலில் சொன்னது ஒரு சித்திரை மாதம். “தொட்டா சுர்ருங்குது தம்பி” என்றாள். டெஸ்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கிரைண்டரின் எஃகு உடம்பில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. ஃப்ரிட்ஜின் கைப்பிடியிலும் எரிந்தது. அவரிடம் சொன்னேன். “எனக்கு அடிக்கலியே” என்றார். அவருக்கு எப்படி அடிக்கும். வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டு நடக்கிற ஆள் அவர் ஒருவர்தான். கரண்டு பயத்தில் வாங்கிய செருப்பு அது. அம்மா மாதிரி வேலைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கொல்லைப் படலுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது அந்த வீட்டில் என்றைக்கும் உள்ள வழக்கம்.

அம்மாவும் செருப்புப் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டேன். அவர் முகம் நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. “அடுப்பங்கரையிலயா?” என்றார். பிறகு தாராளமாக ஒரு பழைய கோணிச்சாக்கைப் போடச் சொன்னார், அதன்மேல் நின்று அரைக்கட்டும் என்று. கழுவுகிற தண்ணீரில் சாக்கு கால் மணி நேரத்தில் நனைந்துவிடும். நனைந்த சாக்கும் ஒன்றுதான், தரையும் ஒன்றுதான்.

சரி, எர்த்தாவது போட்டுவிடலாம் என்றேன். பெரிய வித்தை இல்லை. ஐந்தடிக்குக் குழி, நடுவில் ஒரு இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும், கோடையில் தினம் ஒரு குடம் தண்ணீர். டிவிக்கும் அதுதான் காவல், எத்தனை ஸ்டெபிலைசர் வைத்தாலும் எர்த்து இல்லாமல் பிரயோஜனம் இல்லை என்றேன். டிவி என்றதும் காது கொடுத்துக் கேட்டார். எங்கே தோண்ட வேண்டும் என்றார். ஈரம் காயாத இடம் கிழக்குக் கொல்லை, வேலி ஓரம் என்று கை காட்டினேன். அவ்வளவுதான், முகம் இருண்டுவிட்டது.

அந்த வேலிக்கு ஒரு கதை உண்டு. எங்கள் தெரு இருக்கும் இடம் ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் மனைக்கட்டு. குடியிருந்தவர்களுக்கே அந்த இடம் சொந்தம் என்று சட்டம் வந்து, எங்களுக்குப் பட்டா கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பட்டா அம்மா பேரில். வேலியை ஒட்டிய நாலடி யாருடையது என்று அவர் போட்ட வழக்கு மட்டும் கோர்ட்டில் கிடந்தது. அதிலிருந்து அவருக்கு ஒரு சொல் பேயாகப் பிடித்துவிட்டது. அனுபோகம். ஒரு நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்து வருகிறவனுக்கு அதில் உரிமை வந்துவிடும் என்று வக்கீல் சொன்னதிலிருந்து, எங்கள் தெரு ஆடு அந்தப் பக்கம் போய்ப் புல் மேய்ந்தால்கூட அனுபோகம் என்று கத்துவார்.

“அங்க மண்வெட்டி விழுந்தா நாளைக்கு அனுபோகம்னு சாட்சி சொல்ல முடியும்” என்றார்.

யாருடைய மண்வெட்டி என்று சொல்லவில்லை, அவருடைய தமிழ் அப்படி. வேறு ஆளை வைத்துத் தோண்டலாம் என்றேன். ஊரில் மண்வெட்டி பிடிக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். அப்படியென்றால் நீங்களே தோண்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஏக்கராக அல்ல, வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து ஒரு கூடை மண் வெட்டத் தெரியாதவர். ஐந்தடிக் குழிக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

ஐப்பசி அடைமழை. பகல் பதினொரு மணி இருக்கும். இடி இல்லாத மழை, அதனால் அந்த வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள். காற்றில் தென்னை மட்டை ஒன்று விழுந்து கம்பத்தில் கரண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால் சில வீடுகளில் கரண்டு பாதியாகும், சில வீடுகளில் இரண்டு மடங்காகும். எங்கள் தெருவில் பல்புகள் மங்கின, அவ்வளவுதான். அவர் வீட்டில் பல்புகள் வெள்ளை வெளேரென்று எரிந்து வெடித்தன. டிவி ஸ்டெபிலைசரிலிருந்து புகை வந்தது.

மெயின் சுவிட்ச் அவருடைய நாற்காலியிலிருந்து நாலடி. தூரத்து உறுமலுக்கே அதை இறக்குகிற மனுஷர், அன்றைக்கு அதில் பொறி பறப்பதைப் பார்த்துவிட்டுக் கிட்டே போகவில்லை. முற்றத்துக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். “டிவியைப் புடுங்கு, ஓடு” என்றார். அம்மா கையில் மாவோடு ஓடினாள். அந்த அவசரத்திலும் அவருக்கு ஒன்று தோன்றியிருக்கிறது.

“மாவுக் கையால தொடாத. எடது கையால புடுங்கு.”

அம்மாவின் இடது கை மாவு இல்லாமல் சுத்தமாக இருந்தது, ஆனால் ஈரமாக இருந்தது. பிளக் ஸ்டெபிலைசருக்குப் பின்னால். அதை ஒதுக்குவதற்காக அந்த இரும்புப் பெட்டியைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. மழைக்கு மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கியிருந்த எங்கள் தெரு ஆள் ஒருவர் சத்தம் கேட்டு ஓடிவந்து, மூலையில் கிடந்த உலக்கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அந்த ஆள் வரவில்லையென்றால் இதை நான் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். பெருவிரலின் சதை வெந்து, ஆறியபோது புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது. பெரிய வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து போய் நஷ்டஈடு கேட்டபோது, கரண்டு அரசாங்கத்துடையது, என்னைக் கேட்டால் எப்படி என்றாராம். டிவி கருகிப்போனதுதான் அவருக்கு ஆறவில்லை. ஒரு நிமிஷம் முந்திப் போயிருந்தால் டிவி பிழைத்திருக்கும், அவள் மெத்தனமாகப் போனாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அன்று அந்த வீட்டுக்குப் போய் அவரை இழுத்துப்போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டியிருந்தது.

அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கள் வாசலில் நானே குழி தோண்டினேன். எங்கள் வீட்டுக்கு அவசரமாக எர்த்து தேவைப்பட்டது என்று சொல்ல முடியாது. எதையாவது வெட்ட வேண்டும் போல இருந்தது. வேலிக்கு இந்தப்பக்கம், எங்கள் பட்டாவுக்குள், சுத்தமாக ஐந்தடி. கரி போட்டேன், உப்புப் போட்டேன். அவர் கொல்லையில் வந்து நின்று, மண்வெட்டி வேலியைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அம்மா விட்ட வேலைக்கு எதிர்வீட்டுப் பெண் போனாள். கைக்குழந்தையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும் உள்ளவள். அங்கே போகாதே என்று நான் சொன்னேன். நடவு முடிந்துவிட்டது, வேறு எங்கே போகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அதே கிரைண்டர், அதே ஈரத் தரை, அதே கோணிச்சாக்கு. அம்மா தினமும் சாயங்காலம் அவள் திரும்பி வருகிறாளா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பொங்கலுக்கு முன் அவருடைய சிங்கப்பூர் மகன் புது டிவி அனுப்பினார். முந்தையதைவிடப் பெரியது. மாட்டுவதற்குத் தஞ்சாவூரிலிருந்து வந்த மெக்கானிக் பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, எர்த்து இல்லாமல் மாட்ட மாட்டேன், எரிந்தால் கம்பெனி பொறுப்பேற்காது என்று பெட்டியைப் பிரிக்காமலேயே போய்விட்டார். மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் குரல் கேட்டது. “தம்பி, கொஞ்சம் வாங்களேன்” என்றது அந்தக் குரல். காரியம் ஆகிறவரை காலைப் பிடி என்பார்களே, அது. என் வாழ்நாளில் அவர் எனக்குச் சொன்ன முதல் ‘வாங்க’. அவரை என் பக்கம் திரும்ப வைத்தது அந்த டிவி.

அவர் கேட்டது இதுதான். தன் கொல்லையில் குழி தோண்டக் கூடாது, வழக்கு நடக்கிறது. எங்கள் குழியிலிருந்து ஒரு கம்பி வேலிக்கு மேலே அவர் வீட்டுக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும். மூன்று தலைமுறையாக எங்களிடம் மண்ணுக்காக மல்லுக்கு நின்ற குடும்பம், எங்கள் மூன்று சென்டிலிருந்து கொஞ்சம் மண் கடன் கேட்டது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“இழுத்துக் குடு தம்பி. அந்த டிவிக்கு வேணாம். மாவரைக்கிற புள்ளைக்குக் குடு.”

சம்மதம் என்று சொன்னேன். அவர் உடனே மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். முத்திரைத்தாள். முதல் நாளே வக்கீலிடம் போய் எழுதி வாங்கி வந்திருக்கிறார். மேற்படி கம்பியை முன்னிட்டு மேற்படி கொல்லையில் எவ்விதப் பாத்தியதையும் அனுபோகமும் கோர மாட்டேன் என்று அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும், பட்டா அவள் பேரில் இருப்பதால். மண் தருகிறவள் கைநாட்டு வைக்க வேண்டும், வாங்குகிறவருக்குப் பயம். எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். மை டப்பாவும் அவரே கொண்டுவந்திருந்தார். இடது கைப் பெருவிரல் வைக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னார். அம்மா மையில் விரலைத் தொட்டுத் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுமில்லை. மையைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை வைக்கச் சொன்னார். வைத்தாள். இன்னொரு வட்டம். அவர் குனிந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“ரேகை விழலியே” என்றார்.

“வுழாதுங்க ஐயா” என்றாள் அம்மா. “அது ஒங்க வூட்டு டிவிப் பொட்டியில ஒட்டிக்கிச்சு.”

குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள். அவர் நிமிர்ந்து அம்மாவின் கையைப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தக் கையை முதலில் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பி, வலது கை வைத்தால் செல்லுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன், அதுவரை கம்பி இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மை காய்வதற்காகத் தாளை ஊதிக்கொண்டே தன் வீட்டு முன்வாசல் பக்கம் போனார்.

நான் கம்பியின் ஒரு முனையை எங்கள் எர்த்துக் குழாயில் முறுக்கிவிட்டு, சுருளை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். கொல்லை வழியாகச் செருப்போடு அடுப்படிக்குள் போனேன். எதிர்வீட்டுப் பெண் உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று கால் பாயிண்டுகள் புதிதாகப் போட்டு, முறித்த பிளக்குகளை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் மாட்டி, கிரைண்டருக்கு எர்த்து கொடுத்தேன், ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்தேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அப்புறம் அவளைத் தொடச் சொன்னேன். பயந்து பயந்து ஈரக் கையோடு தொட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உளுந்தை எடுத்துப் போட்டாள்.

முன்பக்கம் அவர் போனில் வலது கை, இடது கை என்று பேசிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த கம்பியைச் சுருட்டினேன். டிவி வரைக்கும் தாராளமாக எட்டியிருக்கும். கொடுக்கவில்லை.